கேட்ட விடுப்பும் மறுத்த விடுப்பும்

தை பிறப்பதற்கு இருபது நாட்கள் இருக்கும்போதே விவேக் நகரின் தெருக்களில் ஊர்ப் பேச்சுத் தொடங்கிவிடுகிறது. வியாழக்கிழமைதோறும் குழந்தை இயேசு ஆலயத்திற்கு வருவோரால் நிறைந்து வழியும் இந்தப் பெங்களூருப் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் மிகுதி. தையற்கூடங்களில் வேலை செய்வோர், பட்டறைத் தொழிலாளர், கடைச் சிப்பந்திகள், கோரமங்கலத்து வீடுகளில் பணிபுரியும் பெண்கள் எனப் பலரும் இங்கு வாழ்கின்றனர். மார்கழி மாதத்தில் அவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இரண்டு. பேருந்தில் இடம் கிடைத்ததா என்பது ஒன்று. எத்தனை நாள் விடுப்புக் கிடைத்தது என்பது மற்றொன்று. முதற் கேள்விக்குச் சற்றுக் கூடுதலாகப் பணம் கொடுத்தால் விடை கிடைத்துவிடும். இரண்டாவது கேள்விக்கு விடை வேறொருவர் மேசையில் இருக்கிறது.

அண்மையில் ஒரு பொங்கலுக்கு முன்னர் அண்டை வீட்டு அன்பர் ஒருவர் நம்மிடம் ஒரு தாளுடன் வந்தார். நாம் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக இருப்பதால், ஆங்கிலத்தில் வரும் கடிதங்களைப் படித்துக் காட்டுமாறு அக்கம்பக்கத்தார் கேட்பது வழக்கம். அவர் ஒரு தொழிற்சாலையில் ஆறு ஆண்டுகளாகக் கடைசல் வேலை செய்பவர். திருப்பத்தூர்ப் பக்கத்தில் உள்ள சிற்றூரில் அவருடைய தாயார் தனியே இருக்கிறார். கண் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். மகன் அவரைப் பார்த்துப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. ஆறு நாள் விடுப்புக் கேட்டு அவர் எழுதிய விண்ணப்பத்தின் மூலையில், அனுமதிக்கப்படவில்லை என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். காரணம் எதுவும் இல்லை.

“அர்த்தம் தெரியாமல் வரவில்லை சார்,” என்றார் அவர். “இதற்கு மேல் ஏதாவது உண்டா என்று கேட்கத்தான் வந்தேன். சொல்லாமல் புறப்பட்டுப் போய்விடலாமா?”

இந்தக் கேள்வியைப் பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் பலரும் ஏதேனும் ஓர் ஆண்டில் கேட்டிருப்பர். சிலர் வாய் மூடி இருந்துவிடுகின்றனர். சிலர் சொல்லாமல் புறப்பட்டு, திரும்பி வரும்போது வேலையை இழந்து நிற்கின்றனர். இவ்விரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று உண்டு. அது ஒரே நாளில் உண்டானதன்று. அதன் வரலாற்றை அறிந்துகொண்டால், அந்தச் சிவப்பு மை எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பது விளங்கும்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். ஆலை முழுவதும் மூடியிருக்கும் நாள் விடுமுறை. ஆலை ஓடிக்கொண்டிருக்க, தொழிலாளி ஒருவர் மட்டும் வராதிருக்க உரிமை பெற்ற நாள் விடுப்பு. கர்நாடக மாநிலத்தில் 1963ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் குடியரசு நாள், மே முதல் நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள், நவம்பர் முதல் நாளாகிய ராஜ்யோத்சவம் ஆகியவற்றோடு வேறு ஐந்து பண்டிகை நாட்களையும் தொழிலாளருக்கு அளித்தது. மகர சங்கராந்தி இங்கு ஒரு நாள் பண்டிகை. நமக்கோ போகி தொடங்கிக் காணும் பொங்கல் வரை நான்கு நாட்கள். போக வர வழிப்பயணம் வேறு. ஆகவே வெளிமாநிலத் தமிழரின் பொங்கல் விடுமுறையில் அடங்குவதில்லை. விடுப்பின் துணையை நாட வேண்டியிருக்கிறது.

விடுமுறைக்குத்தான் முதலில் போராட்டம் நடந்தது. நம் நாட்டின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தைகளை வேலைக்கு வைக்கலாகாது என்றும், ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு மாதத்தில் நான்கு நாள் ஓய்வு தரவேண்டும் என்றும் அது கூறியது. வளர்ந்தவர்களின் ஓய்வைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. பம்பாய்ப் பஞ்சாலைகளில் பண்டிகை நாட்கள் சில நீங்கலாக, ஆண்டு முழுவதும் விடியல் முதல் அந்தி வரை வேலை நடந்தது.

அந்நகரில் நாராயண மேகாஜி லோகண்டே என்னும் பெருமகனார் 1884இல் தொழிலாளரைக் கூட்டினார். வாரத்தில் ஞாயிறு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பதை முதற் கோரிக்கையாகக் கொண்ட விண்ணப்பத்தில் சுமார் 5,500 பேர் ஒப்பமிட்டனர். ஆறு ஆண்டுகள் கழிந்தன. 1890 ஏப்ரலில் சுமார் 10,000 தொழிலாளர் கூடிய கூட்டத்தில் பெண் தொழிலாளர் இருவரும் எழுந்து பேசினர். அவ்வாண்டு ஜூன் 10ஆம் நாள் ஆலை முதலாளிகள் சங்கம் ஞாயிறு ஓய்வுக்கு இசைந்தது. மறு ஆண்டு, 1891ஆம் ஆண்டின் சட்டம், வார ஓய்வை நாடெங்கும் தொழிற்சாலைகளுக்குரியதாக்கியது. இன்று நாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் சற்று நேரம் கழித்து எழுந்திருப்பதற்குப் பின்னால் அந்த 5,500 ஒப்பங்கள் இருக்கின்றன. அவற்றுள் பல கைநாட்டாக இருந்திருக்கக் கூடும். எழுத்தறியாதவர்களும் எழுத்து வாயிலாகக் கேட்டார்கள் என்பது நினைவில் வைக்கத்தக்கது.

சென்னையிலும் பெருங்கிளர்ச்சி ஒன்றின் தொடக்கம் சிறு ஓய்வு பற்றியதாகவே இருந்தது. பெரம்பூரில் இருந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் நண்பகல் உணவுக்கு அரை மணி நேரமே விடப்பட்டது. கை கழுவி, வரிசையில் நின்று, உண்டு, மீண்டும் வாயிலுக்குள் வர அது போதவில்லை. இந்தக் குறை செல்வபதி செட்டியார், இராமாநுஜுலு நாயுடு ஆகியோர் வழியாகப் பி. பி. வாடியாவின் செவிக்கு எட்டியது. 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திரு. வி. கலியாணசுந்தரனார் அதன் தூண்களுள் ஒருவரானார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னர், 1923 மே முதல் நாள், சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடி, அந்த நாளை விடுமுறையாக அறிவிக்குமாறு கோரினார். நண்பகலில் சில நிமிடங்கள், வாரத்தில் ஒரு நாள், ஆண்டில் ஒரு விழா என ஓய்வின் எல்லை இவ்வாறு சிறிது சிறிதாக விரிந்தது.

ஆயினும், ஊரை விட்டு வந்து ஆலையில் சேர்ந்தவருக்கு இவை போதமாட்டா. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஊருக்குப் போய் வர இயலாது. வீட்டில் சாவு, வயலில் அறுவடை, தங்கைக்குத் திருமணம் என்றால் பத்து நாட்களாவது வேண்டும். அந்தப் பத்து நாட்கள் போய் வருவதற்குக் கொடுக்கவேண்டிய விலை அக்காலத்தில் வேலையே ஆகும்.

இதை ஆராய்ந்தவர்கள் ராயல் கமிஷனார். இந்தியத் தொழிலாளர் நிலையை அறிய ஜே. எச். விட்லி என்பாரின் தலைமையில் 1929இல் அமைக்கப்பட்ட அக்குழு 1931இல் அறிக்கை அளித்தது. வலங்கைமானில் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் அதன் உறுப்பினருள் ஒருவர். தொழிலாளர் சங்கத் தலைவர் என். எம். ஜோஷியும் அதில் இருந்தார். இந்தியத் தொழிலாளி ஊரோடு கொண்ட உறவை அறுத்துவிட்டு வருவதில்லை என்பதை அக்குழு கண்டது. அந்த உறவைப் பலவீனமாகக் கருதி ஒழிக்க முயலாமல், ஒழுங்குபடுத்திப் பேணுவதே நலம் என்று கூறியது.

ஊருக்குப் போன தொழிலாளி திரும்பி வந்தபோது நேர்ந்தவற்றையும் அக்குழு கண்டறிந்தது. அவருடைய இடத்தில் வேறொருவர் இருப்பார். மீண்டும் உள்ளே நுழைய மேஸ்திரியின் தயவு வேண்டும். தயவுக்கு விலை உண்டு. சென்னையில் மேஸ்திரி, வங்கத்தில் சர்தார், பம்பாயில் முகாதம் எனப் பெயர் வேறுபட்டாலும் கையூட்டு ஒன்றே. ஊர் சென்று வருவோர் மிகுந்தால் மேஸ்திரியின் வருவாயும் மிகும். ஆதலின், தொழிலாளி குறிப்பிட்ட நாட்களுக்கு விடுப்புக் கேட்டுச் செல்லும்படி ஊக்கவேண்டும் என்றும், உரிய நாளில் திரும்பினால் பழைய வேலை அவருக்கே கிடைக்கும் என்னும் வாக்குறுதியோடு அவரை அனுப்பவேண்டும் என்றும் ராயல் கமிஷன் பரிந்துரைத்தது. விடுப்பு என்பதன் உட்பொருள் இந்த வாக்குறுதியே. போவதற்கு எவருடைய துணையும் வேண்டா. கால்கள் இருந்தால் போதும். திரும்பி வரும்போது இடம் இருக்கவேண்டும் என்பதற்காகவே விடுப்பு வேண்டியிருக்கிறது.

அவ்விடைவெளியில் உலகமும் இதைப் பற்றிச் சிந்தித்தது. 1936 ஜூன் மாதத்தில் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்புப் பற்றிய உடன்படிக்கையை ஏற்றது. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு ஆறு வேலை நாட்களேனும் ஊதியத்துடன் ஓய்வு தரவேண்டும் என்றது அது. அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக்கொடுத்தாலும் அவ்வெழுத்துச் செல்லாது என்றும் விதித்தது. பசித்தவன் தன் ஓய்வை விற்றுவிடுவான் என்பதை அறிந்தவர்கள் எழுதிய விதி அது. அதே மாதத்தில் பிரான்ஸ் நாட்டில், லியோன் புளூமின் அரசாங்கம் எல்லாத் தொழிலாளருக்கும் ஆண்டில் இரண்டு வாரம் ஊதிய விடுப்பு அளித்துச் சட்டம் செய்தது. பிரிட்டன் 1938இல் தனக்கென ஒரு சட்டம் இயற்றியது.

நம் நாட்டில் அந்தப் பொறுப்பு டாக்டர் அம்பேத்கரிடம் வந்து சேர்ந்தது. 1942 ஜூலை முதல் 1946 வரை அவர் வைசிராயின் நிர்வாகக் கவுன்சிலில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். தொழிற்சாலைத் தொழிலாளருக்கு ஊதியத்துடன் விடுப்பு அளிக்கும் மசோதாவை 1944இல் அவர் மத்திய சட்டசபையில் முன்மொழிந்தார். 1945இல் அது சட்டமாயிற்று. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வேலை செய்த வளர்ந்தவருக்குப் பத்து நாள், சிறுவருக்குப் பதினான்கு நாள் என்பது அதன் அளவு. அரைமணிச் சாப்பாட்டு நேரத்திற்காக வாடியாவிடம் சென்ற நாளிலிருந்து இருபத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன.

நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டில் தொழிற்சாலைச் சட்டம் முழுவதும் புதிதாக எழுதப்பட்டது. 1948ஆம் ஆண்டின் அச்சட்டம் 1949 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 1948 டிசம்பர் 10ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனமும் ஊதியத்துடன் கூடிய ஓய்வை ஒவ்வொருவரின் உரிமை என்று கூறியது. 1954இல் செய்யப்பட்ட திருத்தம் கணக்கை எளிதாக்கியது. ஓர் ஆண்டில் 240 நாட்கள் வேலை செய்தவருக்கு, மறு ஆண்டில், உழைத்த ஒவ்வோர் இருபது நாளுக்கும் ஒரு நாள் விடுப்பு. 240 நாள் உழைத்தவருக்குப் பன்னிரண்டு. 280 நாள் உழைத்தவருக்குப் பதினான்கு. இதனால் விளங்குவது யாதெனில், ஆண்டு விடுப்பு முதலாளியின் பையிலிருந்து கொடுக்கப்படும் கொடையன்று. தொழிலாளி இருபது நாள் உழைத்துச் சேர்த்த தன் சொந்தச் சேமிப்பு.

இந்த இடத்தில் ஒரு வியப்பைக் குறிப்பிடவேண்டும். நாம் அரசு அலுவலகத்தில் இருப்பவர்கள். நமக்கு விடுப்பு மிகுதி என்று அயலார் எண்ணுவதுண்டு. ஆனால், 1972ஆம் ஆண்டின் மத்திய அரசு ஊழியர் விடுப்பு விதிகள், விடுப்பை உரிமையாகக் கோர இயலாது என்று தெளிவாகச் சொல்கின்றன. பொதுப்பணியின் தேவை கருதி எந்த விடுப்பையும் அதிகாரி மறுக்கலாம். நம் அண்டை வீட்டாருக்குரிய 1948ஆம் ஆண்டுச் சட்டமோ, முறைப்படி கேட்ட விடுப்பை மறுக்கலாகாது என்றது. நாற்காலியில் அமர்ந்திருக்கும் நமக்கு இல்லாத சொல் ஒன்று, கடைசல் இயந்திரத்தின் முன் நிற்கும் அவருக்கு எழுதி வைக்கப்பட்டிருந்தது. அதை அவர் அறியார்.

ஆனால் அச்சட்டத்தில் ‘முறைப்படி’ என்பதில் சில கடமைகள் இருந்தன. விண்ணப்பம் எழுத்தில் இருக்கவேண்டியிருந்தது. விடுப்புத் தொடங்குவதற்குப் பதினைந்து நாட்களுக்கு முன்னரே மேலாளரிடம் சேரவேண்டியிருந்தது. பொதுப்பயன் பணிகளில் இது முப்பது நாளாக இருந்தது. ஆண்டில் மூன்று முறைக்கு மேல் கேட்க இயலாதிருந்தது. நோய்வாய்ப்பட்டவருக்கு இந்தக் காலவரையறை இருக்கவில்லை. வேலை தடைப்படாதிருக்க, யார் எப்போது விடுப்பில் செல்வது என்பதற்கு நிர்வாகமும் தொழிலாளர் குழுவும் இசைந்து ஒரு திட்டம் வகுத்துக்கொள்ள அச்சட்டம் இடமளித்தது. அந்தத் திட்டத்தின்படி மட்டுமே மறுக்க இயன்றது. இதில் நியாயம் இருக்கிறது. ஒரே பட்டறையில் நாற்பது தமிழர் இருந்து, நாற்பது பேரும் போகியன்று புறப்பட்டால் இயந்திரங்கள் நின்றுவிடும். இந்த ஆண்டு சிலர், அடுத்த ஆண்டு சிலர் என்று முறை வைப்பது முதலாளியின் கொடுமையன்று. திட்டமும் இன்றி, காரணமும் இன்றி மறுப்பதே குற்றம்.

இனி, மறுக்கப்பட்ட விடுப்பு என்னவாகும்? சட்டத்தின் மிக நுட்பமான பகுதி இதுவே. சாதாரணமாக, எடுக்காத விடுப்பை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்ல முப்பது நாள் என்னும் எல்லை இருந்தது. ஆனால், தொழிலாளி கேட்டு, நிர்வாகம் முறையின்றி மறுத்த விடுப்புக்கு எல்லையே இல்லை. அது முழுவதும் அவர் கணக்கில் நிற்கும். அவர் வேலையை விட்டு நீங்கினாலும், நீக்கப்பட்டாலும், எடுக்காத விடுப்புக்குரிய ஊதியம் அவருக்குச் சேரவேண்டும். ஆகவே கேட்காத விடுப்பு வேறு. கேட்டு மறுக்கப்பட்ட விடுப்பு வேறு. முன்னது எல்லை தாண்டினால் கரைந்துவிடும். பின்னது கரையாது. அதற்குச் சான்று, கேட்டதும் மறுத்ததும் எழுதப்பட்ட தாள். சிவப்பு மையில் எழுதப்பட்ட அந்த மறுப்பைக் கசக்கி எறிந்துவிட எண்ணிய அன்பரிடம், அதைப் பெட்டியில் பத்திரமாக வைக்குமாறு நாம் சொன்னதன் காரணம் இதுவே.

1946ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட மாதிரி நிலையாணைகளும் இதற்குத் துணை நின்றன. விடுப்பை மறுத்தாலோ தள்ளிவைத்தாலோ அதையும் அதன் காரணத்தையும் ஒரு பதிவேட்டில் எழுதவேண்டும். தொழிலாளி விரும்பினால் அந்தப் பதிவின் படி ஒன்றை அவருக்குத் தரவேண்டும் என்று அவை கூறின. அதே ஆணைகள் மற்றொன்றையும் கூறின. விடுப்பு முடிந்து எட்டு நாட்களுக்குள் திரும்பித் தக்க காரணம் கூறாதவர் தம் வேலையின்மீதுள்ள பற்றுரிமையை இழப்பார். சொல்லாமல் புறப்பட்டுச் சென்ற பலருடைய வேலை இந்த எட்டு நாள் என்னும் வாயிலில்தான் போயிற்று. 1993இல் உச்சநீதிமன்றம் டி. கே. யாதவ் வழக்கில், எட்டு நாளுக்கு மேல் வரவில்லை என்பதற்காக விசாரணையின்றி ஒருவரை நீக்குவது இயற்கை நீதிக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. அது பெரிய பாதுகாப்பே. எனினும் உச்சநீதிமன்றம் வரை வழக்காடி வேலையை மீட்பதைவிட, ஒரு தாள் எழுதிவைத்து வேலையைக் காப்பது எளிது.

கடைச் சிப்பந்திகளுக்கும் அலுவலகப் பணியாளருக்கும் கர்நாடகத்தில் 1961ஆம் ஆண்டின் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம் பொருந்தும். அதிலும் இருபது நாளுக்கு ஒரு நாள் என்னும் கணக்கே. தேயிலை, காப்பித் தோட்டத் தொழிலாளருக்கு 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் அதே அளவை வழங்கியது.

இப்போது இந்தச் சட்டங்களுள் பல ஒன்றாக்கப்பட்டுள்ளன. 2020இல் நிறைவேறிய தொழிற் பாதுகாப்பு, உடல்நலம், பணி நிலைமைகள் பற்றிய சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் அதற்குள் அடங்கிவிட்டது. 240 நாள் என்னும் தகுதி 180 நாளாகக் குறைந்திருக்கிறது. இருபதுக்கு ஒன்று என்னும் கணக்கு மாறவில்லை. முப்பது நாளுக்கு மேற்பட்ட விடுப்பைப் பணமாகப் பெறலாம். கேட்டு மறுக்கப்பட்ட விடுப்பு எல்லையின்றி நிற்கும் என்னும் பழைய விதி அப்படியே காக்கப்பட்டிருக்கிறது. மேற்பார்வைப் பணியில் இருந்து மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் பெறுவோர் இதில் தொழிலாளர் என்னும் சொல்லுக்குள் வரார். அவர்கள் தம் நியமன ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கவேண்டும்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கென்றே இதில் ஒரு பகுதி உண்டு. 1979ஆம் ஆண்டின் சட்டம், ஒப்பந்தக்காரர் அழைத்து வந்த தொழிலாளரை மட்டுமே மாநிலம் விட்டு மாநிலம் வந்த தொழிலாளராகக் கருதியது. புதிய தொகுப்போ தாமாக வந்து வேலை தேடிக்கொண்டவரையும் அவ்வாறே கருதுகிறது. அத்தகையோர் பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் இருக்கும் நிறுவனத்தில், மாதம் 18,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்கு, ஆண்டுக்கு ஒருமுறை சொந்த ஊர் சென்று திரும்பும் பயணச் செலவை முதலாளி தரவேண்டும் என்கிறது. எத்தனை காலம் வேலை செய்திருக்கவேண்டும் என்பன போன்றவற்றை விதிகள் வரையறுக்கும். ராயல் கமிஷன் ஊர் உறவைப் பேணச் சொல்லித் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னர், ஊருக்குச் செல்லும் பயணச்சீட்டும் சட்டத்தின் கண்ணுக்குப் பட்டிருக்கிறது.

ஒரு குறையையும் மறைத்தலாகாது. கோரமங்கலத்து வீடுகளுக்குக் காலையில் நடந்து செல்லும் நம் சகோதரிகளுக்கு இந்தச் சட்டங்கள் எட்டவில்லை. வீட்டுப் பணியாளருக்கும் வார ஓய்வும் ஊதிய விடுப்பும் வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2011இல் ஓர் உடன்படிக்கை செய்தது. இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை. பஞ்சாலைத் தொழிலாளி 1890க்கு முன் நின்ற இடத்தில் அந்தச் சகோதரிகள் இன்றும் நிற்கின்றனர். அவர்களுடைய விடுப்பு வீட்டு அம்மையாரின் மனநிலையைப் பொறுத்தது. நம் வீட்டிலேயே ஒருவர் பணிபுரிந்தால், அவருக்கு ஆண்டில் எத்தனை நாள் ஊதியத்துடன் விடுப்பு என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

இந்த வரலாற்றிலிருந்து, விடுப்பு மறுக்கப்பட்டவர் செய்யத்தக்கவை தாமாகவே புலப்படும். வாயால் கேட்டதை எழுத்தில் கேட்கவேண்டும். புறப்படும் நாள், திரும்பும் நாள், ஊர், காரணம் ஆகிய நான்கும் அதில் இருக்கவேண்டும். பதினைந்து நாளுக்கு முன் கொடுத்து, படி ஒன்றில் பெற்றதற்கு ஒப்பம் வாங்கவேண்டும். ஒப்பமிட மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பலாம். மறுப்பு வந்தால், காரணத்தையும் வேறு எந்த நாட்களில் தர இயலும் என்பதையும் எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்கவேண்டும். சங்கமோ தொழிலாளர் குழுவோ இருந்தால் அவர்களுக்குச் சொல்லவேண்டும். இவ்வளவும் செய்தும் பயனில்லையாயின், தொழிற்சாலையில் பணிபுரிவோர் தொழிற்சாலைகள் துறை ஆய்வாளரிடமும், கடையில் பணிபுரிவோர் தொழிலாளர் துறை ஆய்வாளரிடமும் மனுக் கொடுக்கலாம். பெங்களூருவில் தொழிலாளர் துறையின் தலைமை அலுவலகமாகிய கார்மிக பவன் பன்னேருகட்டா சாலையில் இருக்கிறது. மனுவைக் கன்னடத்தில் எழுதுவது நலம். எழுதித் தரக்கூடிய கன்னட நண்பர் ஒவ்வொரு தொழிற்சாலையிலும் இருப்பார். அவருடைய விடுப்பும் இதே சட்டத்தில்தான் இருக்கிறது.

அன்று இரவு நம் அன்பரும் நாமும் அமர்ந்து இரண்டாவது விண்ணப்பம் எழுதினோம். முதல் விண்ணப்பத்தை அவர் ஒன்பது நாட்களுக்கு முன்னரே கொடுத்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. பதினைந்து நாள் ஆகவில்லை. அந்தக் குறை அவருடையது. அவருடைய முகம் வாடிற்று. ஆனால் இரண்டாவது விண்ணப்பத்தில் அந்தக் குறையை ஒப்புக்கொண்டே எழுதினோம். பொங்கலுக்கு இயலாதெனில், மாசி மாதத்தில் ஆறு நாள் வேண்டும் என்றும், இயலுமா என்பதை எழுத்தில் தெரிவிக்கவேண்டும் என்றும் கேட்டோம். தாயாரின் கண் சிகிச்சைச் சீட்டின் நகலையும் சேர்த்தோம்.

அவர் அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போகவில்லை. தை முதல் நாள் விவேக் நகரிலேயே, வாடகை வீட்டின் மொட்டை மாடியில் பொங்கல் வைத்தார். தாயாரிடம் தொலைபேசியில் பேசும்போது அவர் குரல் தடுமாறியதை நாம் கேட்டோம். நான்கு நாட்கள் கழித்து விண்ணப்பத்தின் மறுமொழி வந்தது. இம்முறை நீல மையில், இரண்டு தேதிகள் எழுதப்பட்டிருந்தன. மாசியில் அவர் ஊர் சென்று ஆறு நாள் தங்கி, ஏழாம் நாள் காலை முதல் வேளைக்கே தம் இயந்திரத்தின் முன் வந்து நின்றார். அவருடைய இடத்தில் வேறொருவர் இல்லை.